எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, மேடம்?

வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு, நான் வேலைக்கு விண்ணப்பித்திருந்த வேறொரு பள்ளியிலிருந்து அந்த போன் வந்தது. ஏழாம் வகுப்பு பி பிரிவு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இன்னும் 18 நோட்டு பாக்கி.

"வாழ்த்துகள் மேடம். உங்களை செலக்ட் பண்ணிட்டோம். திங்கட்கிழமை காலைக்குள்ள சேர்றீங்களா இல்லையான்னு சொல்லிடுங்க. வெயிட்டிங் லிஸ்ட்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றி சொன்னேன். அப்புறம் கேட்டேன்: "சம்பளம் எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

"அதெல்லாம் நேர்ல வந்து பேசிக்கலாம் மேடம். முதல்ல நீங்க ஓகேவா, அதைச் சொல்லுங்க."

எதற்கு ஓகே சொல்வது? விளம்பரத்தில் "தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற சம்பளம்" என்று போட்டிருந்தார்கள். அதை நம்பி விண்ணப்பம் போட்டேன். எழுத்துத் தேர்வுக்கு ஒரு நாள், டெமோ கிளாஸுக்கு ஒரு நாள், இன்டர்வியூவுக்கு இரண்டு நாள். இப்போது இருக்கிற பள்ளியில் நான்கு முறை விடுப்பு எடுத்திருக்கிறேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது. இந்த ஐந்து வாரத்தில் என் கல்வி, என் குடும்பம், நான் எவ்வளவு தூரத்திலிருந்து வருவேன், எத்தனை வருடம் அங்கே இருப்பேன் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லவேண்டிய ஒரே ஒரு எண் மட்டும் கடைசிவரை வரவில்லை.

நான் கணித ஆசிரியை. பதினான்கு வருடமாக வகுப்பறையில் இருக்கிறேன். இந்தப் பதினான்கு வருடத்தில் பள்ளி மாறுவதற்காக ஆறு முறை முயன்றிருக்கிறேன். ஆறு முறையும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. இந்த முறை மனதில் தங்கிவிட்டதால் எழுதுகிறேன்.

டெமோ கிளாஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னத்தால் வகுப்பது எப்படி என்று நடத்தச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியர், கணிதத் துறைத் தலைவர், நிர்வாக அதிகாரி என்று மூன்று பேர். முன்னால் எனக்கு முகம் தெரியாத முப்பது பிள்ளைகள். 6-ஐ அரையால் வகுத்தால் 12 என்று பலகையில் எழுதினேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், வகுத்தா குறையணும்ல? இது எப்படி கூடுச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஆறு காகிதப் பட்டைகளை வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அவளையே முன்னால் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் பாதியாகக் கிழிக்கச் சொன்னேன். கிழித்தாள். எண்ணச் சொன்னேன். பத்து வரை வந்ததும் குரல் மெதுவானது, பதினொன்று, பன்னிரண்டு என்றபோது சிரித்துவிட்டாள். "ஆறுக்குள்ள எத்தனை அரை இருக்குன்னுதான் மிஸ் கேக்குறோம்!" என்று அவளே சொன்னாள். வகுப்பு முடிந்ததும் துறைத் தலைவர் எழுந்து வந்து என் பாடக் குறிப்பை வாங்கிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்தேன். அந்தக் குறிப்பைத் தயாரிக்க எனக்கு இரண்டு இரவு ஆனது. யாராவது கேட்டால் இன்றைக்கும் கொடுப்பேன், அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஆசிரியரின் வேலையைக் கண்ணால் பார்த்து, பிடித்துப்போய், அதில் ஒரு பகுதியைக் கையில் வாங்கியும் வைத்துக்கொண்டவர்கள், அதற்கு என்ன கொடுப்பார்கள் என்பதை மட்டும் ரகசியமாக வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை நேரில் போனேன். நிர்வாக அதிகாரியின் அறை. மேசைமேல் என் விண்ணப்பம் இருந்தது. அதில் "கடைசியாகப் பெற்ற சம்பளம்" என்ற கட்டத்தைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

"பே ஸ்லிப் கொண்டு வந்திருக்கீங்களா மேடம்? கடைசி மூணு மாசத்தோடது."

கொடுத்தேன். மூன்றையும் புரட்டிப் பார்த்தார். கால்குலேட்டரில் ஏதோ தட்டினார். ஒரு சின்னக் காகிதத்தில் ஒரு எண்ணை எழுதி, அதை என் பக்கம் திருப்பி வைத்தார். வாயால் சொல்லவில்லை. பார்த்ததுமே கணக்கு போட்டுவிட்டேன், இது தொழில் பழக்கம். நான் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்துக்கு மேல் 3 சதவீதம். நான் இப்போது இருக்கிற பள்ளியிலேயே அடுத்த வருட இன்க்ரிமென்ட் 5 சதவீதம்.

"சார், கணித ஆசிரியருக்கு உங்க பள்ளியில ஸ்கேல்னு ஒண்ணு இருக்கும்ல? பதினாலு வருஷ அனுபவம்னா எந்தப் படியில வருவேன்?"

"ஸ்கேல் எல்லாம் வெளியில சொல்றதில்ல மேடம். இது உங்க பழைய சம்பளத்தைப் பார்த்து நாங்க போட்டது."

"நான் இதைவிடக் கொஞ்சம் கூடுதலா எதிர்பார்த்தேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். குரல் கடுமையாக இல்லை, கனிவாகத்தான் இருந்தது. "உங்க டெமோ கிளாஸைப் பார்த்தேன் மேடம். பிள்ளைங்க மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்னு தெரிஞ்சுது. அப்படிப்பட்டவங்க காசைப் பத்தி இவ்வளவு யோசிப்பீங்கன்னு நான் நினைக்கல."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆசிரியர்கள் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிள்ளைகள்மேல் பிரியம் இருக்கிறது என்பதைக் காரணமாக வைத்தே சம்பளத்தைக் குறைக்கிறார்கள். நம்முடைய நல்ல குணம் எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். பிரியம் இருப்பவருக்கு வாடகை கட்ட வேண்டியதில்லையா? அவர் பெற்ற பிள்ளைக்குப் படிப்புச் செலவு இல்லையா? அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அந்த 3 சதவீதத்தைவிட "பழைய சம்பளத்தைப் பார்த்துப் போட்டது" என்ற பேச்சுதான் மனதில் ஓடியது. ஏனென்றால் என் பழைய சம்பளம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் முதல் வேலை. படிப்பு முடித்த கையோடு போய் நின்றேன். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டார்கள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கூடச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம். "நீங்க கொடுக்கிறதைக் கொடுங்க சார்" என்றேன். அவர்களும் கொடுத்தார்கள். அதே வாரம் அதே தகுதியோடு இன்னொரு கணித ஆசிரியரும் சேர்ந்தார். அவர் ஒரு எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். எனக்குக் கிடைத்தது அவருடைய சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

இதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். அவருக்கு 100, எனக்கு 80. இருவருக்கும் வருடத்துக்கு 5 சதவீத உயர்வு. கேட்பதற்குச் சமமாகத்தான் இருக்கிறது. பதினான்கு வருடம் கழித்து அவருக்கு 198, எனக்கு 158. அதாவது 20 ஆக இருந்த இடைவெளி ஏறக்குறைய 40 ஆகிவிட்டது. சதவீதத்தில் உயர்வு கொடுக்கும் வரை நான் அவரை எட்டவே மாட்டேன். இடையில் பள்ளி மாறும்போது புதிய பள்ளி "கடைசியாக என்ன வாங்கினீங்க" என்று கேட்டு அதன்மேல் சதவீதம் போட்டால், இருபத்திரண்டு வயதில் பயந்துபோய் நான் சொன்ன ஒரு வார்த்தை, புதுப் பள்ளிக்கும் என் பின்னாலேயே வந்துவிடும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் ஐலீன் ரிசோ என்ற கணித ஆசிரியையின் வழக்கு இதற்கு ஒரு பெரிய சாட்சி. அவர் 2009-இல் கலிஃபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ கவுன்ட்டி கல்வி அலுவலகத்தில் கணித ஆலோசகராகச் சேர்ந்தார். அங்கே ஊதியப்படி, அதாவது ஸ்கேல், இருந்தது, பத்துப் படிகள். ஆனால் யாரை எந்தப் படியில் வைப்பது என்பதற்கு அவர்கள் வைத்திருந்த விதி இது: பழைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்து, அந்தத் தொகை எந்தப் படியில் வருகிறதோ அதில் வை. ரிசோவின் பழைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்தும் அது அடிமட்டப் படியைக்கூட எட்டவில்லை. முதல் படியில் வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2012-இல், சக ஊழியர்களோடு மதிய உணவு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு ஆண் ஊழியர் ஒன்பதாம் படியில் தொடங்கியிருக்கிறார் என்று தெரியவந்தது. அலுவலகத்தில் முறையிட்டார். விதிப்படிதான் செய்திருக்கிறோம் என்றார்கள். வழக்குப் போட்டார்.

2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி, அது வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன்பே காலமாகிவிட்டார் என்பதால், இறந்தவரின் வாக்கைக் கணக்கில் எடுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. 2020-இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் அதையே சொன்னது: ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதற்கு அவருடைய பழைய சம்பளம் ஒரு காரணம் ஆகாது. வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது அப்போது. அந்த மதிய இடைவேளையில் யாரும் வாய் திறந்திருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. இந்த ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்வியையே கேட்கக்கூடாது என்று சட்டம் வந்த இடங்களும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் பழைய சம்பளத்தை விண்ணப்பதாரரிடம் கேட்கக்கூடாது, அவர் கேட்டால் அந்த வேலைக்கான ஊதிய வரம்பைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவும் இதையே சொல்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க 2026 ஜூன் 7 வரை கெடு. படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். என் கேள்வி மரியாதைக் குறைவானதல்ல என்று எங்கோ சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் இல்லையா?

அப்படியென்றால் நன்றாகப் பேரம் பேசக் கற்றுக்கொண்டால் போதுமே என்று என் தம்பி சொல்வான். அவன் வேறு துறையில் இருக்கிறான். "நீ கேட்கத் தெரியாம கேட்டுட்டு வர்ற அக்கா" என்பான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். பேரம் பேசுவது எப்படி என்று வீடியோ எல்லாம் பார்த்தேன். கண்ணைப் பார்த்துப் பேசு, முதலில் நீ எண்ணைச் சொல்லாதே, சொன்ன பிறகு மௌனமாக இரு. இதெல்லாம் ஓரளவுக்கு உதவும்தான். ஆனால் ஒரு பள்ளியில் ஒரே பாடத்தை அடுத்தடுத்த அறைகளில் நடத்தும் இரண்டு பேரில், நன்றாகப் பேரம் பேசியவருக்கு அதிகம், கூச்சப்பட்டவருக்குக் குறைவு என்பது என்ன நியாயம்? பேரம் பேசும் திறமைக்கும் பின்னத்தைப் புரியவைக்கும் திறமைக்கும் என்ன சம்பந்தம்?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2011 வரை ஆசிரியர் சம்பளம் சங்கங்களோடு பேசி முடிவு செய்த ஊதியப்படியின்படிதான். அந்த வருடம் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனித்தனியாகப் பேசிச் சம்பளம் நிர்ணயிக்க முடிந்தது. பார்பரா பியாசி, ஹெதர் சார்சன்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். ஒரே தகுதியும் அனுபவமும் உள்ள ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களின் சம்பளம் குறையத் தொடங்கியது. இளம் ஆசிரியைகளுக்கு அதிகமாகக் குறைந்தது. பள்ளியின் தலைமையில் பெண் இருந்த இடங்களில் இந்த வித்தியாசம் குறைவு. சம்பளம் பேசினீர்களா என்று கேட்டபோது, பேசியதாகச் சொன்ன பெண்கள் ஆண்களைவிடக் குறைவு. நான் முதல் வேலையில் சொன்ன "நீங்க கொடுக்கிறதைக் கொடுங்க சார்" எத்தனை வாய்களில் எத்தனை மொழிகளில் வந்திருக்கும்!

ஊதியப்படி என்ற ஒன்று வந்ததற்கே இதுதான் காரணம். அமெரிக்காவில் 1921-இல் டென்வர், டி மாய்ன் என்ற இரண்டு ஊர்கள் எல்லா ஆசிரியருக்கும் ஒரே ஊதியப்படியைக் கொண்டுவந்தன. அதற்கு முன்னால் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், உயர்நிலைப்பள்ளி ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். எந்த வகுப்புக்கு நடத்தினாலும் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்துச் சம்பளம் என்று மாற்றினார்கள். இங்கிலாந்தில் 2013 வரை, ஒரு ஆசிரியர் பள்ளி மாறினாலும் முன்பிருந்த படிநிலை அவரோடு கூடவே போகும். அந்த வருடம் அந்த உறுதியை எடுத்துவிட்டார்கள், அதற்கு அப்புறம் புதுப் பள்ளியோடு பேசித்தான் ஆக வேண்டும் என்றானது. ஊதியப்படியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். உழைக்கிறவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மாதிரி ஏறுகிறதே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் சுவரில் ஒட்டிவைத்த ஒரு அட்டவணை, மூடிய அறைக்குள் திருப்பி வைக்கும் காகிதத்தைவிட எவ்வளவோ மேல்.

சரி, அந்த வேலையின் கதைக்குத் திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வேலை நேரத்தைக் கணக்குப் போட்டேன். சம்பளத்தை மட்டும் பார்த்து ஏமாந்த அனுபவம் முன்பு ஒன்று இருக்கிறது.

என் இப்போதைய பள்ளியில் வாரத்துக்கு 24 பீரியட், ஒன்று 40 நிமிடம். ஆக 16 மணி நேரம். நான்கு பிரிவு, பிரிவுக்கு 36 பேர், மொத்தம் 144 நோட்டு. ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் 7 மணி 12 நிமிடம். கூட்டினால் 23 மணி 12 நிமிடம். புதிய பள்ளியில் 30 பீரியட், 20 மணி நேரம். ஐந்து பிரிவு, பிரிவுக்கு 38 பேர், 190 நோட்டு, 9 மணி 30 நிமிடம். கூட்டினால் 29 மணி 30 நிமிடம். வேலை 27 சதவீதம் கூடுகிறது, சம்பளம் 3 சதவீதம் கூடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு என்று பார்த்தால் எனக்கு 19 சதவீதம் குறைகிறது. பாடம் தயாரிப்பது, வினாத்தாள் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, பெற்றோரைப் பார்ப்பது, லீவு போட்டவரின் வகுப்புக்குப் போய் நிற்பது எதையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

மூன்று நிமிடத்தில் ஒரு நோட்டு என்பதும் ரொம்பக் குறைத்துச் சொன்ன கணக்கு. வெறுமனே சரி போட்டுத் தள்ளினால் மூன்று நிமிடம். ஒரு பையன் தொடர்ந்து மைனஸ் குறியை விட்டுவிடுகிறான் என்றால், எந்த வரியில் விட ஆரம்பித்தான் என்று தேடி, ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினால் ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்தக் குறிப்பில்தான் அவன் கணக்கைக் கற்றுக்கொள்கிறான். 190 நோட்டு இருந்தால் அந்தக் குறிப்பை நான் எழுதமாட்டேன். எழுத முடியாது. ஆகக் கடைசியில் நஷ்டம் அந்தப் பையனுக்குத்தான்.

1966 அக்டோபர் 5-ஆம் தேதி யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றி ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. அந்த நாளைத்தான் 1994-லிருந்து உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். பூங்கொத்து கொடுக்கிறார்கள், வாழ்த்து அட்டை வருகிறது. அந்த ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஆசிரியர் சங்கங்களோடு ஒத்துப்பேசி வகுத்த ஊதியப்படியின்படி சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறது. புரொபேஷனில் இருக்கிறார், தற்காலிகமாக இருக்கிறார் என்று சொல்லித் தகுதியுள்ள ஆசிரியருக்குக் குறைந்த ஊதியப்படி கொடுக்கக்கூடாது என்கிறது. வேலை நேரத்தைக் கணக்கிடும்போது எத்தனை மாணவர்கள், பாடம் தயாரிக்கவும் திருத்தவும் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் பார்க்கச் சொல்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்ட கணக்கு இதேதான். அறுபது வருடம் ஆகப்போகிறது. பரிந்துரைதானே, யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்று அதே யுனெஸ்கோ கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது. அத்தனை பேருக்கு ஆள் தேடுகிற தொழிலில், வர நினைக்கிறவரிடம் சம்பளத்தை மறைத்து வைப்பது எனக்குப் புரியவே இல்லை.

திங்கட்கிழமை காலை போன் பண்ணாமல் மெயில் அனுப்பினேன். போனில் பேசினால் எனக்குக் குரல் தாழ்ந்துவிடும். நான்கே வரி. எனக்கு இந்தப் பள்ளியில் சேர விருப்பம் இருக்கிறது. 30 பீரியடுக்கும் ஐந்து பிரிவுக்கும் இந்தச் சம்பளம் பொருந்தவில்லை. இன்ன தொகை கொடுத்தால் சேர்கிறேன், அல்லது 24 பீரியடாகக் குறைத்தால் நீங்கள் சொன்ன தொகைக்கே சேர்கிறேன். எதுவானாலும் பணி ஆணையில் எழுத்தில் வேண்டும்.

மதியம் போன் வந்தது. "ஆறு மாசம் வேலை பாருங்க மேடம். உங்க வேலையைப் பார்த்துட்டுக் கூட்டிக் கொடுக்கிறோம்." அதை ஆணையில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "எங்க பேச்சு மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

இந்த இடத்தில் என் தோழி ஒருத்தியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அறிவியல் ஆசிரியை. போனில் ஒரு தொகையைச் சொல்லி, "இன்னிக்கே ராஜினாமா கொடுத்துடுங்க, ஜூனியர் பேட்ச் வீணாப் போகுது" என்று அவசரப்படுத்தினார்கள். நம்பி ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாள். நோட்டீஸ் பீரியட் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆஃபர் லெட்டர் வந்தது. போனில் சொன்னதைவிடக் குறைவு. அதோடு வருடத்துக்குப் பத்து மாதச் சம்பளம்தான், நீண்ட விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. கேட்டதற்கு, போனில் பேசியவருக்கு விவரம் தெரியாது என்றார்கள். பழைய பள்ளியில் அவள் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சேர்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவதா பத்தால் பெருக்குவதா என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். மாதத் தொகையைப் பார்த்து சந்தோஷப்பட்டுவிட்டு, வருடக் கணக்கில் ஆறில் ஒரு பங்கை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் "நம்பிக்கை இருக்கு சார், ஆனா எழுத்தில் இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றேன். நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தார். அதற்கப்புறம் அழைப்பு வரவில்லை. வெயிட்டிங் லிஸ்டில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் சேர்ந்துவிட்டார் என்று மாதக் கடைசியில் கேள்விப்பட்டேன். அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. என் காகிதப் பட்டைகளை வைத்து அவர் பின்னம் நடத்தினால் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதான்.

இப்போது எந்தப் பள்ளி அழைத்தாலும் முதல் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். இந்த வேலைக்கு ஊதிய வரம்பு என்ன? வாரத்துக்கு எத்தனை பீரியட்? டெமோ கிளாஸுக்கு முன்னால், விடுப்பு எடுப்பதற்கு முன்னால். போன மாதம் மூன்று பள்ளிகளோடு பேசினேன். ஒன்றில், "முதல் போன்லயே சம்பளமா?" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது பள்ளியில் பேசிய பெண் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இருங்க டீச்சர், எடுத்துச் சொல்றேன்" என்று அட்டவணையை எடுத்து, பதினான்கு வருடத்துக்கு எந்தப் படி, அதில் தொடக்கம் எவ்வளவு, பன்னிரண்டு மாதமும் உண்டா என்று வாசித்துக் காட்டினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. தொகை நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அந்தப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். முதல் நாளே உள்ளதைச் சொன்னவர்களோடு வேலை பார்க்கலாம் என்று தோன்றியது.

எங்கள் பள்ளியில் கணிதத்துக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். இரண்டாவது வருடம். அவளும் வேறு இடம் பார்க்கிறாள். போன வாரம் ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நீங்க சேர்ந்தப்போ எவ்வளவு கொடுத்தாங்க?"

சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது என்பது எங்கள் பள்ளியில் எழுதாத விதி. பையிலிருந்து பே ஸ்லிப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். முதல் வேலையில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், 100, 80 கணக்கு எல்லாம் சொன்னேன். அவள் ரஃப் நோட்டில் தன் எண்ணை எழுதி, என் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நிரப்ப வேண்டிய விண்ணப்பத்தை எடுத்தாள். வியாழக்கிழமை அவளுக்கு இன்டர்வியூ. "கடைசியாகப் பெற்ற சம்பளம்" என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அக்கா, இதுல 'இந்த வேலைக்கு உங்கள் பள்ளி வகுத்துள்ள ஊதியத்தை எதிர்பார்க்கிறேன்'னு எழுதலாமா?"

எழுதச் சொன்னேன். கட்டம் சின்னது, இரண்டு வரியாக மடக்கி எழுதினாள்.